மழைக்காலமும் வாயில்லா ஜீவன்களும்: நம் வீட்டில் உள்ள அமானிதம்

 

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த நம் முன்னோர், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தனர். குளிர்நாடுகளில் இலை உதிரும் இம்மாதங்கள் நமக்கு அடைமழையின் மாதங்கள். அதிலும் குமரி மாவட்டத்தின் நிலை தனித்தது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் பெரும்பாலானவை வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்க, நாம் ஜூன் முதல் தென்மேற்கு மழையையும் அக்டோபர் முதல் வடகிழக்கு மழையையும் சேர்த்தே பெறுகிறோம். ஐப்பசி பிறக்கும்போதே மண் நனைந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும். அதன்மேல் ஒரு பெருமழை வந்தால், தண்ணீர் வீட்டு முற்றத்திற்கு வருவதற்கு ஓரிரவு போதும்.

தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் இடலாக்குடியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் நம் வீடுகளில் மனிதர் மட்டும் வாழ்வதில்லை. கொல்லையில் இரண்டு ஆடுகள், கூட்டில் நாலைந்து கோழிகள், தொழுவத்தில் ஒரு பசு, அடுக்களை வாசலில் ஒரு பூனை என்று பல உயிர்கள் நம் கூரையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அண்மைக் காலமாகப் பாரசீகப் பூனையும் லவ் பேர்ட்ஸ் கூண்டும் மீன்தொட்டியும் அவற்றோடு சேர்ந்துள்ளன. மழை எச்சரிக்கை வந்ததும் நாம் அரிசி வாங்கி வைக்கிறோம், மெழுகுவத்தி வாங்குகிறோம், கைபேசிக்கு மின்னேற்றி வைக்கிறோம். இவ்வுயிர்களின் நினைவு நமக்குக் கடைசியில்தான் வருகிறது. சில வீடுகளில் வருவதேயில்லை.

கால்நடைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் மழையிலிருந்து காப்பது இரக்க குணம் உள்ளவர்கள் விரும்பினால் செய்யும் உபகாரம் என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. மார்க்கம் அதனை அவ்வாறு பார்க்கவில்லை. அது அவ்வுயிர்களுக்கு நம்மீதுள்ள ஹக்கு. அந்த ஹக்கைக் குறித்து மறுமையில் கேள்வி உண்டு.

கயிறு கட்டியவரின் பொறுப்பு

பூனையைக் கட்டிவைத்துச் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்ற நபிமொழியை (புகாரி, முஸ்லிம்) அறியாத முஸ்லிம் இல்லம் இராது. அதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. அவள் அந்தப் பூனையை அடித்ததாக ஹதீஸ் கூறவில்லை. உணவும் நீரும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே பிடித்துத் தின்ன அவிழ்த்துவிடவும் இல்லை. அவளுடைய குற்றம் இவ்விரண்டும் சேர்ந்ததே. ஓர் உயிரின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டவர், அந்தச் சுதந்திரத்தால் அது தனக்குத் தேடிக்கொண்டிருக்கக்கூடிய அனைத்திற்கும் பொறுப்பாகிறார். கயிறும் கூண்டும் சங்கிலியும் எவர் கையில் உள்ளனவோ, அவரே பதில் சொல்ல வேண்டியவர்.

இதனை வெள்ளத்தோடு பொருத்திப் பாருங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது மரங்கள் வீழ்ந்தன. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2021 நவம்பர் நடுவில் பெய்த பெருமழையில் ஆறுகள் கரைபுரண்டன; ரயில் போக்குவரத்தே தடைபட்டது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான கால்நடைகள் மடிந்தன. ஆடும் மாடும் இயல்பாகவே நீந்தக்கூடியவை. மேடு தேடிச் செல்லும் அறிவையும் அல்லாஹ் அவற்றுக்கு அளித்துள்ளான். முளைக்குச்சியில் கட்டப்பட்ட ஆட்டிற்கோ, பூட்டிய கூட்டிலுள்ள கோழிக்கோ அந்த அறிவால் பயன் இல்லை. முதலில் மூழ்குபவை அவையே.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை (திர்மிதி) நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். இயன்ற முயற்சியைச் செய்த பின்னரே தவக்குல் என்பது அதன் கருத்து. வெள்ளம் வரும் இரவில் அந்த முயற்சி கயிற்றை அவிழ்ப்பதாகும். உடன் அழைத்துச் செல்ல இயலுமானால் அழைத்துச் செல்லுங்கள். இயலாவிடில் கயிற்றை அவிழ்த்து, கூட்டைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். அதற்கு அரை நிமிடம்கூடத் தேவையில்லை.

கடமையின் எல்லை எதுவரை?

ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்திற்கு நபி (ஸல்) அவர்கள் சென்றபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அவர்கள் அதைத் தடவிக் கொடுத்து ஆற்றிய பின், உரிமையாளரை அழைத்து, அதைப் பட்டினி போடுவதையும் களைப்படையச் செய்வதையும் கண்டித்தார்கள் (அபூதாவூத்). ஒரு விலங்கின் முறையீட்டை அல்லாஹ்வின் தூதர் ஒரு வழக்காகவே ஏற்று விசாரித்தார்கள் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

ஹிஜ்ரி 660-இல் (கி.பி. 1262) மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தம் நூலில் வரிசைப்படுத்தியுள்ளார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போன பிராணிக்கும் செலவிடுவது, தாங்கக்கூடிய அளவுக்கு மேல் சுமத்தாதிருப்பது, அதற்குத் தீங்கிழைக்கும் ஒன்றோடு அதைச் சேர்த்து வைக்காதிருப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும். பால் வற்றிய பசுவை மழையில் கட்டிப்போடுபவரும், நோயுற்ற பூனையைச் சாக்கில் போட்டுச் சந்தையில் விட்டு வருபவரும் இந்த முதல் உரிமையையே மீறுகிறார்கள். பயன் முடிந்ததும் பொறுப்பும் முடிந்தது என்ற கணக்கு ஃபிக்ஹில் இல்லை.

ஆடு, மாடு, கோழி

கடமை என்று சொன்னால் மட்டும் போதாது. அதை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதும் தெரிய வேண்டும்.

பக்ரீதுக்குக் குர்பானி கொடுக்க எண்ணி, பல மாதங்களுக்கு முன்பே குட்டி வாங்கி வளர்க்கும் நல்ல வழக்கம் நம்மிடையே உள்ளது. நொண்டுவது வெளிப்படையாகத் தெரியும் பிராணியும், நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணியும், எலும்பும் தோலுமாய் மெலிந்த பிராணியும் குர்பானிக்குத் தகுதியற்றவை என்பது நாம் அறிந்த சட்டம். ஆட்டை நொண்டியாக்குவது பெரும்பாலும் ஈரத்தரைதான். நாட்கணக்கில் சேற்றில் நிற்கும் ஆட்டிற்குக் குளம்பு அழுகும். தரையிலிருந்து உயர்த்திய பலகைப் பரண் அமைத்தால் சிறுநீரும் சாணமும் கீழே விழுந்து, நிற்கும் இடம் உலர்ந்திருக்கும். அதற்கு வழியில்லாதவர்கள் செங்கல் அடுக்கி, அதன்மேல் பழைய பலகைகளைப் போட்டாலும் போதும்.

மழையில் துளிர்க்கும் இளம்புல்லை ஆடு ஆவலோடு மேயும். வெறும் வயிற்றில் அதை அளவுக்கு மீறி மேய்ந்தால் வயிறு உப்பும். துள்ளுமாரி என்னும் கொடிய குடல்நச்சு நோயும் வரக்கூடும். காலையில் சிறிது வைக்கோலோ உலர்தீவனமோ கொடுத்து, வெயில் ஏறிய பின் மேய விடுவது நலம். துள்ளுமாரிக்கு மழை தொடங்கும் முன்பே தடுப்பூசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மாடுகளுக்கு வரும் கோமாரி நோய்க்கும் தடுப்பூசிகள் உண்டு. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால், எதை எப்போது போட வேண்டும் என்று சொல்வார்கள்.

நம் மாவட்டத்திற்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. காற்றில் ஒடிந்து விழும் மரச்சீனி இலையிலும் ரப்பர் இலையிலும் சயனைடு நச்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. புயலுக்கு மறுநாள் தழை தாராளமாகக் கிடக்கிறதே என்று அள்ளிப் போட்டால், சில மணி நேரத்தில் ஆடு மூச்சுத் திணறி இறக்க நேரிடும். இவற்றைத் தின்ன விடாதீர்கள்.

கோழிக்கூட்டின் தரை நனைந்தால் இரத்தக் கழிச்சல் பரவும். தரையில் போட்டுள்ள உமியையோ மரத்தூளையோ அடிக்கடி கிளறி, நனைந்ததை அகற்றி, உலர்ந்ததை இட வேண்டும். வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து உண்டு. அதனைக் குஞ்சுப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். பூஞ்சை பிடித்த தவிட்டையும் கடலைப் பிண்ணாக்கையும் வீணாக்க மனமின்றி மாட்டிற்குப் போடுவோர் உள்ளனர். அந்தப் பூஞ்சையின் நச்சு மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு, பாலின் வழியே நம் குழந்தைகளையும் வந்தடையும்.

தொழுவத்தில் தொங்கும் பழைய மின்கம்பியை மழைக்கு முன் சரிபார்த்துவிடுங்கள். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் மாட்டிற்குச் சிறு மின்கசிவும் உயிருக்கு ஆபத்தாகும்.

பூனையும் கூண்டுப் பறவையும்

உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தையே அதற்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வளைய வருவது என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). வீட்டைச் சுற்றி வருவது என்று நபி (ஸல்) அவர்களே குறிப்பிட்ட உயிர் அது. மழை இரவில் ஓர் அட்டைப்பெட்டியும் பழைய துணியும் திண்ணையில் ஒரு மூலையும் தந்தால், அதுவே அதற்குப் பெரிய அடைக்கலம்.

பூனைக்குக் காய்ச்சல் போலத் தெரிந்தால், நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலில் கால்பங்கை உடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பூனையின் ஈரலுக்கு அம்மருந்தைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் இல்லை. ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடக்கூடும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவும் பூனைக்கு நஞ்சாகும். மழையில் எலிகள் வீட்டிற்குள் புகுவதால் எலிமருந்து வைக்கும் காலமும் இதுவே. மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகும். பூனை உள்ள வீட்டில் எலிப்பொறியே ஏற்றது. காரின் எஞ்சின் சூட்டை நாடி அடியில் ஒடுங்கும் குட்டிகளும் உண்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் முன்மூடியை இரண்டு முறை தட்டுங்கள்.

கூண்டுப் பறவைகளுக்குக் குளிர்காற்றும் சாரலும் ஆகா. கூண்டை மாடிமுற்றத்திலிருந்து உள்ளே எடுத்து வைத்து, இரவில் துணியால் மூன்று பக்கம் மூடுங்கள். ஐப்பசியில் தீபாவளியும் வரும். நம் அண்டை வீட்டாரின் மகிழ்ச்சிக்குரிய அந்நாளில் வெடியோசைக்குப் பிராணிகள் மிரளுவது இயல்பு. அன்று மாலை அவற்றை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும். இதில் எவரோடும் பிணங்க வேண்டியதில்லை.

அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூஉமைர் வளர்த்த குருவியைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). பிள்ளைகள் பிராணி வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் பெருநாள் பரிசாக வாங்கிய பறவையை மழை வந்ததும் மறந்துவிடும் பிள்ளைக்கு, அமானிதம் என்றால் என்னவென்று பெற்றோர்தாம் கற்றுத்தர வேண்டும். ஒரு பூனை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை மழைக்காலங்களையும் எண்ணிப் பார்த்த பிறகே அதை வாங்க வேண்டும். அது முடியாதென்றால் வாங்காதிருப்பதே சிறந்தது.

நாயைப் பற்றி ஒரு வார்த்தை

வேட்டை, கால்நடைக் காவல், விவசாயக் காவல் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பதை நபிமொழிகள் வெறுக்கின்றன. அதன் உமிழ்நீர் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண்ணால் என்பது ஷாஃபிஈ சட்டம். இதில் மாற்றுக் கருத்து கூற நான் வரவில்லை. ஆனால் நஜீஸ் என்பது நமக்குரிய சுத்தத்தின் சட்டம். கல்லெறிவதற்கான அனுமதி அன்று. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு வழங்கினான். ஈரல் ஈரமாக உள்ள ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உதவிக்கும் கூலி உண்டு என்றும் அதே ஹதீஸில் அறிவிக்கப்பட்டுள்ளது (புகாரி, முஸ்லிம்). மழைக்குக் கடைத்திண்ணையில் ஒதுங்கிய நாயை வெந்நீர் ஊற்றி விரட்டுவது எந்த மத்ஹபிலும் இல்லாத செயல்.

அதே வேளையில் நம் பிள்ளைகளின் உயிரையும் காக்க வேண்டும். நாய் மட்டுமன்றிப் பூனை கடித்தாலும் நகத்தால் கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். சொல்லப்படும் எல்லா நாட்களுக்கும் தவறாது சென்று போட வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஓதிப் பார்ப்பதிலும் துஆச் செய்வதிலும் நமக்கு நம்பிக்கை உண்டு. அவற்றை ஊசி போட்ட பின்னும் செய்யலாம். ஊசிக்குப் பதிலாக ஓதிய தண்ணீரும் பச்சிலையும் போதும் என்று காலம் கடத்துவது நம் உயிர் என்னும் அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். வளர்க்கும் பூனைக்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும்படி ஆண்டுதோறும் புதுப்பித்தால் இந்த அச்சமே பெரிதும் நீங்கும்.

"மனிதரே தவிக்கும்போது பிராணிகளா?"

ஒக்கியில் கடலுக்குச் சென்ற எத்தனையோ மீனவர்கள் திரும்பவில்லை. அத்தகைய துயரத்தின் நடுவே ஆட்டையும் பூனையையும் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மனித உயிருக்கே முன்னுரிமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துவது சரியன்று.

இரண்டு ஆடுகளை மட்டுமே உடைமையாகக் கொண்ட விதவைத் தாய், அவற்றை விட்டுவிட்டு முகாமுக்கு வர மறுப்பார். ஆடுகளுக்கும் இடம் உண்டென்றால் அவர் நேரத்தோடு வெளியேறுவார். அங்கே ஆட்டைக் காப்பது அந்தத் தாயைக் காப்பதே. நோய்களுக்கும் மனிதர், விலங்கு என்ற வேறுபாடு இல்லை. எலிகளும் நாய்களும் கால்நடைகளும் கழிக்கும் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் காலில் புண்ணோடு நடப்பவருக்கு எலிக்காய்ச்சல் தொற்றும். 2018-இல் கேரளப் பெருவெள்ளம் வடிந்த பின் அந்நோய் பரவியதை எல்லையோரத்தில் வாழும் நாம் நன்கறிவோம். தொழுவத்தைச் சுத்தம் செய்பவர் காலுறையும் கையுறையும் அணிய வேண்டும். காய்ச்சலும் தசைவலியும் கண்டால், வெள்ளநீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இறந்த பிராணியை ஆற்றிலோ ஓடையிலோ எறியாமல் ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும்.

ஜமாஅத் செய்யக்கூடியவை

தனிமனிதரின் அக்கறை ஓர் எல்லை வரையே செல்லும். புயலிலும் வெள்ளத்திலும் உணவு சமைத்து வழங்குவதிலும் மீட்புப்பணியிலும் நம் ஜமாஅத்துகள் எப்போதும் முன்நிற்கின்றன. அந்தப் பணியோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

புரட்டாசியின் ஒரு ஜும்ஆவில் இமாம்கள் இப்பொருளைக் குத்பாவுக்கு எடுத்துக்கொள்ளலாம். கால்நடை பராமரிப்புத் துறையின் மருத்துவரை அழைத்து, மதரஸா மைதானத்தில் ஒரு நாள் தடுப்பூசி முகாம் நடத்தலாம். சமயம் பாராது எல்லா வீட்டுப் பிராணிகளும் அங்கு வரலாம். தாழ்வான தெருக்களில் கால்நடை உள்ள வீடுகளைக் கணக்கெடுத்து, மேட்டுப்பகுதியில் உள்ள தோப்பையோ திருமண மண்டபத்தின் வளாகத்தையோ முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். அவசரக் கால்நடை சிகிச்சைக்கு 1962 என்ற எண் உண்டு என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். வெள்ளத்தில் கால்நடையை இழந்த ஏழைக்கு அரசு நிவாரணம் உண்டு. அதைப் பெறக் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். தெரியாமல் புதைத்துவிட்டுப் பின்னர் அலையும் மக்களுக்கு ஜமாஅத் இளைஞர்கள் மனு எழுதிக் கொடுத்தாலே பெரும் உதவியாகும்.

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்குர்ஆன் (6:38) கற்பிக்கிறது. நாம் மஹல்லா என்று சொல்லும்போது வீட்டுத் தலைக்கட்டுகளை மட்டுமே எண்ணுகிறோம். அல்லாஹ்வின் கணக்கில் அந்தத் தெருவில் வேறு சமுதாயங்களும் வாழ்கின்றன. இன்றே உங்கள் கொல்லைப்புறம் சென்று கூரை ஒழுகுகிறதா, தரை உலர்ந்துள்ளதா, கயிற்றின் முடிச்சு இருட்டிலும் எளிதில் அவிழுமா என்று பாருங்கள்.

நம் பொறுப்பில் விடப்பட்ட வாயில்லா ஜீவன்களின் உரிமைகளை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! இவ்வாண்டின் மழையை ரஹ்மத்தான மழையாக ஆக்குவானாக! ஆமீன்.